உடம்பின் சில்லறைக் காசு

சாப்பாடு சக்தியாக மாறும் கதையில் முக்கியமான கண்ணியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ். கண்டுபிடிப்பு எல்லாருக்கும் தெரியும். பெயர்தான் தெரியாது.

ஒரு ஸ்பூன் சர்க்கரையைத் தணலில் கொட்டினால் உருகி, கருகி, எரிந்து அடங்கும். அதே சர்க்கரையைக் காப்பியில் கலந்து குடித்தாலும் கடைசிக் கணக்கு ஒன்றுதான். ஆக்ஸிஜன் செலவு; கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் மிச்சம். முழுவதும் எரிந்தால் வெளிப்படும் சக்தியும் ஒரே அளவு, கிராமுக்குச் சுமார் 4 கிலோ கலோரி. ஆனால் தணலில் விழுந்த சர்க்கரை நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எரிகிறது. காப்பி குடித்தவரின் உடம்போ 37 டிகிரியிலேயே நிற்கிறது. அவர் பாட்டுக்கு அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார், வருமான வரிக் கணக்குப் பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை போடுகிறார். நெருப்பே இல்லாமல் இந்த எரிப்பு எப்படி நடக்கிறது? பதில் கிடைக்க ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

உயிர் வாழ்வதும் ஒரு வகை எரிதல்தான் என்று முதலில் அளந்து காட்டியவர் பிரான்ஸின் லவாய்சியே. 1780களின் தொடக்கத்தில், லாப்ளாஸுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினி எலியை உட்காரவைத்தார். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு வாயுவை வெளிவிடுகிறது என்று பார்த்தார். அதே அளவு வாயு உண்டாகும்படி கரியை எரித்து ஒப்பிட்டார். கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. 1794ல் பிரெஞ்சுப் புரட்சி அவர் தலையைக் கொய்தது. எரிதல் நடப்பது நுரையீரலில் என்று அவர் நினைத்தது மட்டும் சரியாக இல்லை. அது உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் நடக்கிறது என்பது அடுத்த நூற்றாண்டில் தெளிவானது.

பேச்சு வழக்கில் மூச்சும் சுவாசமும் ஒன்றுதான். உயிரியல்காரர்களுக்கு வேறு வேறு. மூச்சு என்பது ஆக்ஸிஜனை ஏற்றி வந்து கழிவு வாயுவை ஏற்றிச் செல்லும் சரக்குப் போக்குவரத்து. சுவாசம் என்பது செல்லுக்குள் நடக்கும் தொழிற்சாலை வேலை.

அந்தத் தொழிற்சாலையின் சங்கடம் விசித்திரமானது. டவுன் பஸ்ஸில் ஏறி 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்பது திருச்சியிலும் தெரியும், டெல்லியிலும் தெரியும். குளுகோஸ் அப்படிப்பட்ட ஒரு பெரிய நோட்டு. தசை சுருங்க, நரம்பு செய்தி அனுப்ப, புரதம் கட்ட, செல்லுக்கு வேண்டியது சின்னச் சின்ன அளவு சக்தி. குளுகோஸை ஒரே வீச்சில் எரித்தால் அத்தனையும் வெறும் சூடாகப் போகும், செல்லும் வெந்துபோகும். எனவே நோட்டைச் சில்லறையாக மாற்றியாக வேண்டும்.

அந்தச் சில்லறையின் பெயர் அடினோஸின் டிரைபாஸ்பேட். சுருக்கமாக ஏ.டி.பி. இந்த மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கும். மூன்றும் எதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசிப் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் சக்தியில் செல்லின் வேலை நடக்கிறது. மிஞ்சும் இரண்டு பாஸ்பேட் மூலக்கூறு மறுபடி நாணயச்சாலைக்குப் போய், மூன்றாவதை ஒட்டிக்கொண்டு திரும்பும். பாக்டீரியாவிலிருந்து ஆலமரம், யானை வரை எல்லா உயிர்களிலும் செல்லுபடியாகும் நாணயம் இது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஆந்திராவின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12ல் பிறந்த எல்லாப்ரகடா சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதருக்கு மாறிய அவர், அறுவை சிகிச்சைக்கும் கதர் அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைவான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையே அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற நோய் கொண்டுபோயிற்று. வெப்ப நாடுகளின் குடல் நோய் அது. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. பேதி, சோகை, பிறகு எலும்பும் தோலுமாக மெலிந்து சாவு. சாப்பாடு எப்படிச் சக்தியாகிறது என்பது அவருக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

1922 அக்டோபரில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். மனைவி இந்தியாவில் தங்கினார். சுப்பாராவ் திரும்பி வரவே இல்லை. அவருடைய இந்திய மருத்துவச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லாததால், ஒரு ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலஜலச் சட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர் வேதியியல் நிபுணரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார்.

தரப்பட்ட வேலை சாதாரணமானது. உடல் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு நல்ல வழி வேண்டும். 1925ல் இருவர் பெயரிலும் அந்த வழி வெளியானது. மாலிப்டினம் சேர்ந்த ஒரு கரைசலை ஊற்றி, நிறம் ஏறச் செய்யும் இன்னொரு பொருளையும் சேர்த்தால் நீலம் பிறக்கும். எவ்வளவு ஆழ்ந்த நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உயிர் வேதியியல் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

அடுத்து, தசையிலிருந்து எடுத்த சாற்றில் இதே சோதனையைச் செய்தார்கள். நீலம் உடனே வரவில்லை. மெதுவாக ஏறியது. சோதனை கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவிக் கவிழ்த்திருக்கலாம். அவர்கள் அந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடினார்கள். தசையில் நிலையற்ற ஏதோ ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பேட்டை விட்டுக்கொண்டிருந்தது. 1927ல் அது பாஸ்போகிரியேட்டின் என்று தெரிந்தது. பிரிட்டனில் எகிள்டன் தம்பதியும் அதே காலத்தில் அதே பொருளை எட்டியிருந்தார்கள். 1929ல் அடுத்த பொருள் சிக்கியது. அதுதான் ஏ.டி.பி. இந்த முறை ஜெர்மனியில் மேயர்ஹாஃபின் ஆய்வுக்கூடத்தில் இருந்த கார்ல் லோமன் சற்று முன்னதாகவே தன் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். இரு தரப்பும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது என்பதே வரலாற்றின் தீர்ப்பு.

இதனால் இடிந்தது ஒரு பெரிய கோட்டை. தசை சுருங்குவதற்கு நேரடிக் காரணம் லாக்டிக் அமிலம் என்றுதான் அதுவரை நம்பினார்கள். தசை ஆய்வுக்காக ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. 1930ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி விஷம் ஏற்றப்பட்ட தசையும் சுருங்குகிறது என்று காட்டினார். சுருங்கும்போது குறைந்தது பாஸ்போகிரியேட்டின். ஹில்லே 1932ல், தசை இயலில் புரட்சி நடந்துவிட்டது என்று கட்டுரை எழுதினார். 1941ல் ஃபிரிட்ஸ் லிப்மன் எல்லாவற்றையும் கோத்து, செல்லின் பொருளாதாரமே பாஸ்பேட் நாணயத்தில்தான் நடக்கிறது என்று விளக்கினார்.

ஓட்டப் பந்தயத்தைப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். தசையில் கையிருப்பாக இருக்கும் ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான் வரும். அடுத்த சில விநாடிகளுக்கு பாஸ்போகிரியேட்டின் கைமாற்று கொடுக்கும். 100 மீட்டர் ஓட்டத்தின் பெரும்பகுதி இந்த இரண்டையும் நம்பித்தான். இன்று ஜிம்களில் டப்பா டப்பாவாக விற்கும் கிரியேட்டின் பவுடரின் நோக்கம் அந்தக் கைமாற்று நிதியைக் கொஞ்சம் கூட்டுவது.

அதற்கு மேல் ஓடவேண்டும் என்றால் நோட்டை மாற்றித்தான் ஆகவேண்டும். செல்லில் அதற்கு இரண்டு கவுண்டர்கள். முதலாவது செல்லின் உள் திரவத்தில். அங்கே குளுகோஸ் பத்துப் படிகளில் இரண்டாக உடைந்து பைருவேட் ஆகும். ஒரு குளுகோஸுக்கு லாபம் இரண்டே இரண்டு ஏ.டி.பி. ஆனால் வேலை வேகம், ஆக்ஸிஜனும் தேவையில்லை.

இட்லி மாவு புளிப்பதும் ஆக்ஸிஜன் வேண்டாத இந்த மாதிரியான குறுக்கு வழியால்தான். மாவில் பெருகும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் பாதியில் உடைத்து, தங்கள் ஏ.டி.பி.யை எடுத்துக்கொண்டு, லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்ஸைடையும் விட்டுப்போகின்றன. புளிப்பு அமிலத்தின் உபயம், பொங்குவது வாயுவின் உபயம். டெல்லியின் ஜனவரியில் மாவு பொங்காமல் அடம்பிடிப்பது, குளிரில் அந்த நுண்ணுயிர்களின் என்ஸைம்கள் மந்தமாவதால்.

மூச்சு வாங்க ஓடும் மனிதனின் தசையும் இதே போல் லாக்டேட்டை உண்டாக்கும். மறுநாள் காலில் வரும் வலிக்கு அதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. சரியில்லை. ஓட்டம் நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது கரைந்துவிடும். இதயத் தசை அதை விரும்பி எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. இன்னொரு வேடிக்கை, முதல் கவுண்டரை மட்டுமே நம்பிப் பிழைப்பவை ரத்தச் சிவப்பணுக்கள். உடம்பு முழுவதற்கும் ஆக்ஸிஜன் சுமக்கும் அவை, தங்கள் தேவைக்கு அதில் துளியும் எடுப்பதில்லை.

இரண்டாவது கவுண்டர்தான் பெரியது. மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய உறுப்புகள். பைருவேட், கொழுப்பு, புரதம் எல்லாம் கடைசியில் இங்கே ஒரு சக்கரத்தில் வந்து சேர்கின்றன. சிட்ரிக் அமிலச் சக்கரம் என்ற அந்த ரசாயன வட்டத்தை 1937ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வரைந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். யூதர் என்பதால் 1933ல் ஜெர்மனியில் வேலை இழந்து வந்தவர். கையில் இருக்கும் கடிதங்களை வெளியிடவே பல வாரம் ஆகும் என்று சொல்லி அவருடைய ஆய்வைத் திருப்பி அனுப்பியது 'நேச்சர்' இதழ். வேறொரு பத்திரிகையில் அது வெளியானது. 1953ல் லிப்மனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடில் பெரும்பகுதி பிறப்பது இந்தச் சக்கரத்தில்தான். உடம்பு இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது என்பதற்கும் இதுவே பதில். 10 கிலோ கொழுப்பு முழுவதும் கரைந்தால், அதில் 8.4 கிலோ மூச்சுக் காற்றாகப் போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது.

ஆனால் சக்கரம் நேரடியாக அச்சடிக்கும் நாணயம் சொற்பம். அது உணவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும். மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் வரிசையாக நிற்கும் புரதங்கள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கும். வரிசையின் கடைசியில் கைநீட்டிக் காத்திருப்பது ஆக்ஸிஜன். எலக்ட்ரானை வாங்கி, ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். மனிதன் மூச்சிழுக்கும் ஆக்ஸிஜனில் மிகப் பெரும்பகுதிக்கு உள்ள ஒரே வேலை இதுதான்.

எலக்ட்ரான் படி இறங்குவதற்கும் ஏ.டி.பி. உண்டாவதற்கும் என்ன தொடர்பு? இதற்கு 1961ல் பதில் சொன்னார் பிரிட்டனின் பீட்டர் மிட்செல். மேட்டூரிலோ பக்ரா நங்கலிலோ நடப்பதுதான் செல்லிலும் நடக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். எலக்ட்ரான் இறங்கும்போது கிடைக்கும் சக்தியில் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் மறுபக்கத்துக்குப் பம்ப் செய்யப்படுகின்றன. அணையில் நீர் ஏறுவது போல அங்கே அழுத்தம் ஏறுகிறது. திரும்பிப் பாய ஒரு மதகு உண்டு. அதில் ஒரு டர்பைன். அது சுழலும்போது ஏ.டி.பி. அச்சாகிறது. பலர் நம்பவில்லை. உடல்நலக் குறைவால் எடின்பரோவை விட்டு வந்த மிட்செல், கார்ன்வால் கிராமப்புறத்தில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அங்கேயே ஆய்வுக்கூடம் வைத்து வாதாடினார். 1978ல் நோபல் பரிசு வந்தது. டர்பைன் என்பது வெறும் உவமை இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. 1997ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தப் புரதத்தின் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அதன் வேலை முறையைக் கணித்த பால் பாயர், ஜான் வாக்கர் இருவருக்கும் அதே ஆண்டு நோபல் கிடைத்தது.

ஒரு குளுகோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்று பலர் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பார்கள். இப்போதைய கணக்கு 30 முதல் 32. சவ்வில் கசிவும் போக்குவரத்துச் செலவும் இருக்கின்றன. எப்படியும் முதல் கவுண்டரின் இரண்டோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்கு லாபம். நாணயமாகாத மீதிச் சக்தி சூடாகிறது. உடம்பைக் கதகதப்பாக வைத்திருப்பது அதுதான்.

இந்த அமைப்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விஷங்கள் சாட்சி. சயனைடு, எலக்ட்ரான் வரிசையின் கடைசிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும். செல் அதை வாங்க முடியாமல் மூச்சு முட்டும். மரவள்ளிக் கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருப்பதால்தான், நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டும் வழக்கம் கேரள வீடுகளில் இருக்கிறது. டைநைட்ரோஃபீனால் வேறு ரகம். முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட ரசாயனம். 1933ல் அமெரிக்காவில் அது இளைக்கும் மருந்தாக அறிமுகமாயிற்று. இளைக்கவும் செய்தது. காரணம், அது அணையில் ஓட்டை போடுகிறது. உணவு எரியும், நாணயம் அச்சாகாது, எல்லாம் சூடாகும். சிலர் கண்புரையால் பார்வை இழந்தார்கள். சிலர் காய்ச்சல் ஏறி இறந்தார்கள். 1938ல் அமெரிக்கா அதை மனிதருக்கு ஆகாதது என்று ஒதுக்கியது. அப்படியும் இளைக்கும் ஆசையில் அதைத் தேடி வாங்கி உயிரை விடுகிறவர்கள் இன்றும் உண்டு. இதே ஓட்டையை இயற்கை அளவோடு பயன்படுத்தும் இடமும் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பு அப்படித்தான் சூடு தருகிறது.

உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரு நாள் செலவு, ஏறக்குறைய அந்த மனிதரின் எடையளவு. 60 கிலோ ஆசாமி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 40 கிராம். இருக்கிற நாணயமே திரும்பத் திரும்ப நாணயச்சாலைக்குப் போய் வருவதால் இது சாத்தியமாகிறது. கொழுப்பை மாதக்கணக்கில் சேமிக்கலாம். நாணயத்தைச் சேமிக்க வழியில்லை. சாப்பிடாமல் வாரக்கணக்கில் தாங்கும் உடம்பு, மூச்சு நின்றால் சில நிமிடங்களில் சாய்வது இதனால்தான். எடையில் 50ல் ஒரு பங்கே உள்ள மூளை, மொத்தச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. முதலில் அணைவதும் அதுதான்.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போய் ஆராய்ச்சி இயக்குநரானார். 1945ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயின் சோகையைத் தீர்க்கும் மருந்து அது. சகோதரர்கள் போய்க் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருள்களும் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தன. அவற்றில் ஒன்றைக் கொண்டு சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கிடைக்கச் செய்தார். 1948ல் அந்த முடிவு வெளியானது. இந்தியாவின் யானைக்கால் ஒழிப்பு இயக்கத்தில் கொடுக்கப்படும் டைஎதில்கார்பமசின் மாத்திரையும் அவர் குழுவின் கண்டுபிடிப்புதான்.

1948 ஆகஸ்டில், 53வது வயதில், சுப்பாராவ் மாரடைப்பில் இறந்தார். நோபல் பரிசு எட்டிப் பார்க்கவில்லை. நூற்றாண்டையொட்டி 1995ல் இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. ஏ.டி.பி. பாடம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான இந்திய மாணவர்களுக்கு நடத்தப்படுகிறது. பீமவரத்துக்காரரின் பெயரையும் நீல நிறம் தாமதமாக வந்த கதையையும் அதோடு சேர்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.